தேஸே முறை ஜெபம்: 40 பேர், ஒரு மண்டபம், ஒரு மணி நேரம். எப்படி அமைப்பது?

கிழக்குவாசல்

ஜனவரி 18 முதல் 25 வரை கிறிஸ்தவ ஒன்றிப்பு வாரம். அதில் ஒரு மாலையை எங்கள் ஊர் சி.எஸ்.ஐ. சேகரமும் கத்தோலிக்கப் பங்கும் சேர்ந்து நடத்துவதாக முடிவாகியிருக்கிறது. இரண்டு பாட்டு, இரண்டு செய்தி, பொன்னாடை, நன்றியுரை, டீ என்ற வழக்கமான வடிவம் வேண்டாம், தேஸே முறையில் (பிரான்சில் உள்ள தேஸே துறவியர் சமூகத்தின் ஜெப முறை) பாட்டும் மௌனமுமாக வைப்போம் என்று இரு தரப்பு இளையோரும் கேட்கிறார்கள். சி.எஸ்.ஐ. ஆயரும் கத்தோலிக்கப் பங்குத்தந்தையும் சரி என்றுவிட்டார்கள். ஒத்துவந்தால் மாதம் ஒருமுறை தொடர எண்ணம்.

இடம் சேகர மண்டபம், 40க்கு 25 அடி, ஆறு சீலிங் ஃபேன். 40 பேர் வரலாம், அதில் பத்துப் பேராவது அறுபது தாண்டியவர்கள். கீபோர்டு இருக்கிறது, வாசிக்கிறவர் ஆர்வமானவர் (கொஞ்சம் அதிகமாகவே).

தெரிய வேண்டியவை: நிகழ்ச்சி வரிசையும் நிமிடக் கணக்கும். ஒரு பாட்டை எத்தனை தடவை பாடுவது? மௌனம் எவ்வளவு நேரம், அது எப்படி முடியும்? பாட்டுகள் தமிழிலேயே இருக்க முடியுமா? மெழுகுதிரி ஏற்றினால் ஃபேனை என்ன செய்வது? கடைசியாக ஒன்று: "ஒரே வரியைத் திரும்பத் திரும்பச் சொல்வது வேதம் கண்டிக்கிற வீண்வார்த்தை" என்று சபை மூப்பர் ஒருவர் கேட்டிருக்கிறார். அவருக்குச் சொல்ல நேர்மையான பதில் வேண்டும், சமாளிப்பு வேண்டாம்.

---

மணிக்கூடு

முதலில் வரிசை. ஆறரைக்குக் கதவு திறக்கட்டும். ஆறே முக்காலிலிருந்து பத்து நிமிடம் பாட்டுப் பழக்கம். அன்று பாடப்போகிற எல்லாவற்றையும் பழக்க வேண்டாம், புதிதாக இருக்கிற இரண்டை மட்டும். அந்தப் பத்து நிமிடத்திலேயே மௌனம் எப்போது வரும், எவ்வளவு நேரம், எதைக் கேட்டால் முடிந்தது என்று அறிய வேண்டும் என்பதையும் சொல்லிவிட வேண்டும். அதற்குப் பிறகு அறிவிப்பு என்ற ஒன்றே கிடையாது. ஐந்து நிமிடம் சும்மா உட்காரட்டும். ஏழு மணிக்கு யாரும் எதுவும் சொல்லாமல் முதல் பாட்டு எழும்ப வேண்டும்.

இரண்டு பாட்டு, ஒன்பது நிமிடம். சங்கீதம் நான்கு நிமிடம்: ஆறேழு வசனம் போதும், ஒருவர் வாசிக்க, இரண்டு வசனத்துக்கு ஒருமுறை எல்லோரும் அல்லேலூயா. பிறகு ஐந்து முதல் எட்டு வசனத்துக்குள் ஒரு வேதபாகம், இரண்டு நிமிடம். அதை ஒட்டி ஒரு பாட்டு, நான்கு நிமிடம். மௌனம். மன்றாட்டு ஆறு நிமிடம். கர்த்தருடைய ஜெபம், ஒரு முடிவு ஜெபம், இரண்டும் சேர்ந்து இரண்டு நிமிடம். பிறகு மூன்று பாட்டு, பன்னிரண்டு நிமிடம். மௌனத்துக்கு ஐந்து நிமிடம் வைத்தால் மொத்தம் 44 நிமிடம் வரும். ஒரு மணி நேரத்தை நிரப்ப நினைக்காதீர்கள். மிச்சம் இருக்கிற கால் மணியில்தான் விரும்புகிறவர்கள் உட்கார்ந்தபடி பாடிக்கொண்டிருப்பார்கள், மற்றவர்கள் எழுந்து போவார்கள். பிரான்சில் தேஸே கிராமத்தில் மாலை ஜெபம் அப்படித்தான் முடிகிறது, "இத்தோடு நிறைவு பெறுகிறது" என்று யாரும் மைக்கில் சொல்வதில்லை.

பிரசங்கம் கிடையாது. இதுதான் நம் ஊரில் உடையும் முதல் இடம். வேதபாகம் முடிந்ததும் வாசித்தவர் "இந்தப் பகுதியிலே நாம் பார்க்கிறோம்..." என்று ஆரம்பித்தால் போயிற்று. ஆயருக்கும் பங்குத்தந்தைக்கும் முன்கூட்டியே வேலை கொடுத்துவிடுங்கள்: ஒருவர் முடிவு ஜெபம், ஒருவர் ஆசீர்வாதம். இரண்டையும் தாளில் எழுதிக் கொடுங்கள். வேலை கொடுக்காமல் விட்டால் "இரண்டு வார்த்தை" பேசுவார்கள், இரண்டு வார்த்தை என்பது இருபது நிமிடம்.

மௌனம் தேஸேயில் எட்டிலிருந்து பத்து நிமிடம் வரை போகும். பழகாத கூட்டத்துக்கு முதல் மாதம் ஐந்து, மூன்றாம் மாதம் ஏழு, பிறகு எட்டு என்று ஏற்றுங்கள். மூன்றுக்குக் கீழே போனால் அது மௌனமே இல்லை, அடுத்து வர வேண்டியவரைத் தேடுகிற இடைவெளி மாதிரி ஆகிவிடும். முதல் இரண்டு நிமிடம் செருமல், இருமல், நாற்காலிச் சத்தம் எல்லாம் வரும், அது தானாக அடங்கும். அந்த நேரத்தில் பயந்துபோய்ப் பாட்டை ஆரம்பித்துவிடுவதுதான் பெரிய தப்பு. கடிகாரம் ஒருவர் கையில் மட்டும் இருக்கட்டும். நேரம் ஆனதும் அவரே அடுத்த பாட்டை மெல்லிய குரலில் தொடங்கட்டும். மணி அடிக்க வேண்டாம், "ஆமென்" சொல்லி எழுப்பவும் வேண்டாம்.

மௌனத்தைக் கெடுப்பவை இரண்டு. ஒன்று, கீபோர்டில் மெலிசாக ஓடும் பின்னணி இசை. கை சும்மா இருக்காதவர் என்றால், வேதபாகத்துக்கு முன்பே கருவியை அணைத்துவிட்டுக் கூட்டத்தோடு தரையில் வந்து உட்காரச் சொல்லுங்கள். இரண்டு, சத்தமாக ஜெபிக்கிறவர். உபவாச ஜெபத்தில் பழகியவர்களுக்கு மௌனம் என்றால் "யாரும் ஜெபிக்கவில்லை" என்று தோன்றும், உதவி செய்வதாக நினைத்துக் குரல் எழுப்புவார்கள். தடுக்காதீர்கள், திரும்பிப் பார்க்காதீர்கள். பழக்க நேரத்தில் "இந்த ஐந்து நிமிடம் எல்லோரும் மனசுக்குள்ளேயே ஜெபிப்போம், சத்தமாகச் சொல்ல வேண்டியதை மன்றாட்டு வேளையில் சொல்லலாம்" என்று சொல்லி, மன்றாட்டின் கடைசியில் உண்மையாகவே அதற்கு இரண்டு நிமிடம் விட்டிருந்தால் பெரும்பாலும் பிரச்சினை வராது.

மன்றாட்டு ஆறோ ஏழோ, ஒவ்வொன்றும் ஒரே வாக்கியம். பதிலுக்கு "கீரியே எலேய்சோன்". இதை வேண்டுமென்றே சொல்கிறேன். "ஆண்டவரே இரக்கமாயிரும்" என்றால் கத்தோலிக்க வாசகம், "கர்த்தாவே இரங்கும்" என்றால் சி.எஸ்.ஐ. வாசகம். கிரேக்கம் இரண்டு பேருக்கும் சொந்தமில்லை.

---

கிழக்குவாசல்

நன்றி. கர்த்தருடைய ஜெபத்தில் இதே சிக்கல் வருமே? ஒரு பக்கம் "பரமண்டலங்களிலிருக்கிற எங்கள் பிதாவே", இன்னொரு பக்கம் "விண்ணுலகில் இருக்கிற எங்கள் தந்தையே".

---

மணிக்கூடு

வரும். அதைவிட மோசமான சிக்கல் கடைசியில். கத்தோலிக்கர் "தீமையிலிருந்து விடுவித்தருளும்" என்றதும் ஆமென் சொல்லி நிறுத்துவார்கள், மற்றவர்கள் "ராஜ்யமும் வல்லமையும் மகிமையும்" என்று தொடர்வார்கள். திருப்பலியில் அந்தத் துதி உண்டு, ஆனால் குருவின் மன்றாட்டுக்குப் பிறகு தனியாக வரும், அதனால் ஜெபத்தோடு சேர்த்துச் சொல்லும் பழக்கம் இல்லை. பாதி மண்டபம் நின்று பாதி மண்டபம் ஓடுவதைத் தவிர்க்க இரண்டு வழி. ஒன்று, ஒரே வாசகத்தைத் தாளில் அச்சிட்டு, கடைசித் துதியையும் சேர்த்து எல்லோரும் அதையே வாசிப்பது. இன்னொன்று, "அவரவர் பழகிய சொற்களில், தாழ்ந்த குரலில்" என்று விட்டு, துதியை மட்டும் ஒருவர் தொடங்கி எல்லோரும் சேர்வது. எனக்கு இரண்டாவது பிடிக்கும். மனப்பாடமாக வரும் ஜெபத்தைத் தாள் பார்த்துச் சொல்ல வைத்தால் பெரியவர்கள் தடுமாறுவார்கள்.

வேதபாகத்துக்கு 1995-ல் வந்த வேதாகமப் பொது மொழிபெயர்ப்பு இரு தரப்பு அறிஞர்களும் சேர்ந்து செய்தது. ஆனால் நடைமுறையில் அது கத்தோலிக்கர் கையில்தான் இருக்கிறது. சங்கீதத்தைப் பழைய மொழிபெயர்ப்பிலும் நற்செய்தியைப் பொது மொழிபெயர்ப்பிலும் வைத்தால் கணக்கு நேராகிவிடும். முதல் தடவைக்கு சங்கீதம் 131 பாருங்கள், மூன்றே வசனம், மௌனத்துக்கு அதைவிடப் பொருத்தமானது அரிது. கொஞ்சம் நீளமாக வேண்டும் என்றால் 130, எட்டு வசனம்.

---

ஏழாங்கட்டை

பாட்டைப் பற்றி மட்டும் சொல்கிறேன், மற்றது மேலே வந்துவிட்டது.

தேஸே பாட்டுகளில் பல ழாக் பெர்த்தியே (1923–1994) என்ற பாரிஸ் ஆர்கன் கலைஞர் அமைத்தவை. அறுபதுகளுக்குப் பிறகு பல நாட்டு இளைஞர்கள் அந்தக் கிராமத்துக்குக் குவியத் தொடங்கியதும், பிரெஞ்சு தெரியாதவர்களும் ஐந்து நிமிடத்தில் பிடித்துக்கொள்கிற மாதிரி ஒரு வரி, நாலு குரல், சுற்றிச் சுற்றி வரும் அமைப்பு தேவைப்பட்டது. லத்தீன் நிறைய இருப்பதும் அதனால்தான்: அது அங்கே வந்த யாருக்குமே தாய்மொழி இல்லை. ஆக, எல்லாவற்றையும் தமிழாக்கித்தான் தீர வேண்டும் என்றில்லை. ஆறு பாட்டில் இரண்டு லத்தீனோ கிரேக்கமோ இருக்கட்டும், பொருளைத் தாளில் கீழே ஒரு வரி போட்டுவிடுங்கள்.

தமிழில் போடும்போது எல்லோரும் சறுக்குவது குறில் நெடிலில். மெட்டில் ஒரு சுரம் மூன்று தட்டு நீள்கிறது என்று வையுங்கள். அங்கே குறில் வந்தால் வாய் தானாக அதை நெடிலாக்கிவிடும், பொருளும் மாறிவிடும். "வரும்" நீண்டால் "வாரும்". செய்தி சொல்ல வந்த வரி அழைப்பாகிவிட்டது. "எனை" நீண்டால் "ஏனை". "பெறு" நீண்டால் "பேறு". ஒருமுறை பாடுகிற பாட்டில் இது காதில் விழாமல் போகும், பத்து முறை பாடினால் குத்தும். அதனால் முதலில் மெட்டின் நீண்ட சுரங்களை வட்டமிட்டுக்கொள்ளுங்கள். அங்கெல்லாம் நெடிலோ, அல்லது குறிலை அடுத்து ம், ன், ல், ர் வருகிற அசையோ இருக்க வேண்டும். ம், ன் மூக்கில் நின்று ஒலிக்கும், இழுக்கலாம். க், ட், ப் இழுக்க முடியாது.

வரியின் கடைசி இன்னும் முக்கியம். "எனக்கு", "உமது", "நின்று" போல முடிந்தால் குற்றியலுகரம். இருக்கிற ஒரு மாத்திரையையே பாதியாக்கிச் சொல்கிற எழுத்து அது. அதைப் போய் நாலு தட்டு நீட்டினால் "எனக்கூ" என்று குயில் கூவும். தமிழில் இதற்குக் கையிலேயே மருந்து இருக்கிறது: விளி. "ஆண்டவரே", "இயேசுவே", "நாதரே" எல்லாம் ஏகாரத்தில் முடிகின்றன. ஜெபத்தில் பாதி விளிதானே. வரியைத் திருப்பிப் போட்டு விளியைக் கடைசியில் கொண்டுவந்தால் தொண்ணூறு சதவீதச் சிக்கல் தீர்ந்தது.

லூக்கா 23:42-ஐ எடுத்துக்கொள்ளுங்கள். பழைய மொழிபெயர்ப்பில் "நீர் உம்முடைய ராஜ்யத்தில் வரும்போது அடியேனை நினைத்தருளும்." முழு வசனத்தையும் சின்ன மெட்டில் திணித்தால் மூச்சு வாங்கும். "அடியேனை நினைத்தருளும்" மட்டும் எடுத்து, பின்னால் "இயேசுவே" சேருங்கள். நீளவேண்டிய இடங்களில் யே, னை, ளும், வே. பத்துத் தடவை பாடினாலும் சொல் சிதையாது. மொழிபெயர்க்கிற வேலையே இல்லை, வேதத்தில் இருப்பதே.

தேஸே மெட்டுகளின் உரிமை அந்தச் சமூகத்திடம் இருக்கிறது. உங்கள் தமிழ் வரிகளோடு அச்சடிப்பதானால் அவர்களுக்கு எழுதி அனுமதி கேட்டுவிடுங்கள்.

எத்தனை தடவை என்ற கேள்விக்கு எண்ணைச் சொல்லக் கூடாது, ஆனாலும் கேட்டதால்: இருபத்தைந்து வினாடிப் பாட்டு என்றால் பத்துச் சுற்று, நாலு நிமிடத்துக்குச் சற்று மேல். முதல் மூன்று சுற்றில் ஆட்கள் சொல்லைப் பார்ப்பார்கள், நாலு ஐந்தில் சலிப்பார்கள், அதற்கு மேல்தான் தாளிலிருந்து கண்ணை எடுப்பார்கள். நாலாவது சுற்றில் நிறுத்துகிற கூட்டங்கள்தான் "தேஸே பாட்டு போரடிக்கிறது" என்று சொல்லும்.

நிறுத்துகிற விதம்: கடைசிக்கு முந்தைய சுற்றில் கருவிகள் விலகட்டும். கடைசிச் சுற்று வெறும் குரல், கொஞ்சம் சின்னதாக, கடைசி இரண்டு சொல்லைச் சற்று இழுத்து. கையைத் தூக்கவே வேண்டாம், கூட்டம் புரிந்துகொள்ளும்.

வேகம் நிமிடத்துக்கு 60 தட்டு, அதிகம் போனால் 66. கைதட்டல் வந்த நொடி அது 90 ஆகிவிடும், ஆகவே ஜால்ரா, டேம்பரின், கீபோர்டின் தானியங்கித் தாளம் மூன்றும் வீட்டில் இருக்கட்டும். கன்வென்ஷன் மேடைப் பழக்கத்தில் இரண்டு சுற்றுக்கு ஒருமுறை அரைக்கட்டை ஏற்றுகிற பட்டனும் தொடப்படக் கூடாது. அது கூட்டத்தைக் கிளப்பத்தான், இங்கே வேலை நேர்மாறு. கீபோர்டில் பைப் ஆர்கனோ ஸ்டிரிங்ஸோ, ஒரே சத்தம். சுருதி: நடு 'சி'க்குக் கீழே உள்ள 'ஏ'யிலிருந்து மேல் 'டி' வரைக்குள் மெட்டு அடங்கினால் அறுபது தாண்டியவர்களும் பாடுவார்கள். அதற்கு மேல் போனால் அவர்கள் உதட்டை மட்டும் அசைப்பார்கள்.

40 பேருக்குப் பாட்டு மைக் வேண்டாம். ஒரு குரல் மைக்கில் வந்தால் மற்ற 39 பேரும் ரசிகர்கள் ஆகிவிடுவார்கள். நாலைந்து நல்ல குரல்களைக் கூட்டத்துக்குள் பிரித்து உட்கார வையுங்கள். மைக் வாசிப்பவருக்கு மட்டும்.

---

காவிரிக்கரை

தேஸே நல்லதுதான், 1985-ல் மதராஸிலேயே அந்தச் சகோதரர்கள் இளைஞர் கூட்டம் நடத்தியிருக்கிறார்கள். ஆனால் இதைச் செய்ய தேஸே இருக்கிற பிரான்சின் பர்கண்டி வரை போக வேண்டுமா என்று கேட்காமல் இருக்க முடியவில்லை. குளித்தலைப் பக்கம் தண்ணீர்ப்பள்ளியில் சாந்திவனம் என்ற கிறிஸ்தவ ஆசிரமம் இருக்கிறது. 1950-ல் பிரெஞ்சுக் குருக்கள் மோன்ஷனனும் அபிஷிக்தானந்தரும் தொடங்கியது, 1968-ல் ஆங்கிலேயத் துறவி பீட் கிரிஃபித்ஸ் வந்து பொறுப்பெடுத்தார். அங்கே பொது வழிபாட்டில் நாமசங்கீர்த்தனம் உண்டு, காலை மாலை இரண்டு சந்தியிலும் தியான நேரம் உண்டு. ஒரு வரி, ஒருவர் சொல்ல மற்றவர் திருப்ப, மெதுவாகத் தொடங்கி மெதுவாகவே அடங்கும். நம் காதுக்கு நாலு குரல் ஒத்திசைவு பழக வேண்டிய விஷயம், நாமாவளி பிறந்ததிலிருந்து தெரியும்.

சொந்தமாக ஒரு வரி அமைப்பதானால் மோகனத்தில் அமையுங்கள். ஐந்து சுரம்தான், அரைச்சுர இடைவெளி இல்லை, இசை தெரியாத கூட்டமும் சுருதி விலகாமல் பாடும். நீலாம்பரி வேண்டாம், தாலாட்டு ராகம், மௌனத்துக்கு முன்னால் பாடினால் மூத்தவர்கள் உண்மையாகவே தூங்கிவிடுவார்கள். சொல்லுக்கு சங்கீதம் 62:5 இருக்கிறது: "என் ஆத்துமாவே, தேவனையே நோக்கி அமர்ந்திரு." ஏழாங்கட்டை சொன்ன குறில் நெடில் சோதனையை இதற்கும் போடுங்கள். "அமர்ந்திரு"வின் கடைசி 'ரு' நீளக் கூடாது, அந்த இடத்தில் மெட்டு சட்டென்று இறங்கி நிற்க வேண்டும்.

இன்னொன்று. மௌனம் எவ்வளவு நேரம் என்று எல்லோரும் பேசுகிறீர்கள், அதில் என்ன செய்வது என்று யாரும் சொல்லவில்லை. பழகாதவருக்கு ஐந்து நிமிடம் என்பது வீட்டுக் கணக்குப் பார்க்கிற நேரம். தாளில் மூன்று வரி போடுங்கள், மேலே போக வேண்டாம். கேட்ட வேதபாகத்தில் மனதில் தங்கிய ஒரு சொல்லை எடுத்துக்கொள். மூச்சு வரும்போதும் போகும்போதும் அதைச் சொல். மனம் ஓடினால் கோபப்படாமல் அந்தச் சொல்லுக்குத் திரும்பு. அவ்வளவுதான். 12-ஆம் நூற்றாண்டில் கார்த்தூசிய சபைத் துறவி கீகோ இதையே நான்கு படியாகச் சொன்னார்: வாசிப்பு, தியானித்தல், வேண்டுதல், நிலைத்திருத்தல். கீழைத் திருச்சபைகளில் "ஆண்டவராகிய இயேசு கிறிஸ்துவே, இறைவனின் மகனே, பாவியாகிய என்மேல் இரங்கும்" என்ற ஒரே வரியை மூச்சோடு சேர்ப்பார்கள். எது வேண்டுமானாலும் ஒன்று. ஒரே இரவில் இரண்டைக் கற்பிக்காதீர்கள்.

துக்கத்தில் இருப்பவர், மனப்பதற்றம் உள்ளவர் மௌனத்தில் தாங்க முடியாமல் எழுந்து போகக்கூடும். கதவுப் பக்கம் ஏழெட்டு நாற்காலி போட்டு, கதவைச் சாத்தாமல் விடுங்கள். வெளியே ஒரு அக்காவோ பெரியவரோ தண்ணீர்ச் செம்போடு உட்கார்ந்திருந்தால் போதும். உள்ளே இருப்பவர்கள் யாரும் பின்னால் ஓட வேண்டாம்.

---

பழைய பாமாலை

மூப்பருக்கு. அவர் மத்தேயு 6:7-ஐச் சொல்கிறார்: "அஞ்ஞானிகளைப்போல வீண்வார்த்தைகளை அலப்பாதேயுங்கள்." வசனத்தை முழுதாக வாசிக்கச் சொல்லுங்கள். "அதிக வசனிப்பினால் தங்கள் ஜெபம் கேட்கப்படுமென்று நினைக்கிறார்கள்" என்று தொடர்கிறது. கண்டிக்கப்படுவது, நிறையச் சொன்னால் தேவன் கேட்டே ஆக வேண்டும் என்ற எண்ணம். திரும்பச் சொல்வதைத் தப்பு என்றால் சங்கீதம் 136 என்ன ஆவது? 26 வசனம், 26-லும் "அவர் கிருபை என்றுமுள்ளது". கெத்செமனேயில் ஆண்டவரே "அந்த வார்த்தைகளையே" சொல்லி மறுபடியும் ஜெபித்தார் என்று மாற்கு 14:39 சொல்கிறது, மத்தேயு 26:44 மூன்றாம் முறையும் என்கிறது.

அதோடு அவர் கேட்டதில் ஒரு நியாயமும் இருக்கிறது, அதையும் ஒப்புக்கொள்ளுங்கள். பொருள் தெரியாத லத்தீனை, யாரும் விளக்காமல், பத்து தடவை பாட வைத்தால் அது அவர் பயப்படுகிற இடத்துக்கு வெகு பக்கம். தாளில் பொருள் இருக்க வேண்டும் என்று ஏழாங்கட்டை சொன்னது அலங்காரத்துக்கு அல்ல. முதல் மாதம் லத்தீன் பாட்டே இல்லாமல் வையுங்கள். மூப்பரைக் கூப்பிட்டு சங்கீதம் வாசிக்கச் சொல்லுங்கள்.

காவிரிக்கரைக்கு ஒரு வார்த்தை: நாமாவளி அமைப்பைச் சாந்திவனத்தில் நேசிக்கிறவர்கள் உண்டு, சந்தேகமாகப் பார்க்கிற சபைகளும் உண்டு. முதல் கூட்டுக் கூட்டத்திலேயே அதை வைத்தால் பேச்சு முழுக்க அதைப் பற்றியே போகும். தஞ்சை வேதநாயக சாஸ்திரியார் (1774–1864) காலத்துக் கீர்த்தனைப் பல்லவி ஒன்றை எடுத்து, சரணங்களை விட்டுவிட்டு, பல்லவியை மட்டும் பாதி வேகத்தில் எட்டுச் சுற்று பாடிப் பாருங்கள். இரண்டு தரப்புக்கும் பழக்கமானது, யாருக்கும் சந்தேகம் வராது.

---

காவிரிக்கரை

பல்லவி யோசனை நல்லது, எடுத்துக்கொள்ளுங்கள். எடுப்பு மேலே தொடங்குகிற கீர்த்தனை வேண்டாம், அதை மெதுவாகப் பாட முடியாது.

---

உபதேசியார் மகன்

ஃபேனும் திரியும். ஜனவரி மாலையில் ஃபேன் இல்லாமல் ஓட்டிவிடலாம், ஏப்ரலில் முடியாது, அதனால் முதலிலிருந்தே ஃபேன் ஓடுகிற மாதிரி அமையுங்கள். சுடர் தரைமட்டத்தில் இருந்தால் சீலிங் ஃபேன் காற்று நேராக அதன்மேல்தான் இறங்கும். முன்வரிசைக்கு மேலே உள்ள இரண்டு ஃபேனை நிறுத்தி, மற்ற நாலையும் மெதுவாக ஓட விடுங்கள். திறந்த மெழுகுதிரி வேண்டாம், எவர்சில்வர் தம்ளரும் வேண்டாம், வெளிச்சம் வராது. சாதாரண கண்ணாடி டம்ளரில் மூன்றில் ஒரு பங்கு ஆற்று மணல் போட்டு, குட்டைத் திரியை அதில் ஊன்றினால் சுடர் விளிம்புக்குக் கீழே நிற்கும், காற்று தொடாது, சாய்ந்தாலும் மணலில் அணையும். 25 டம்ளர் போதும். 40 பேர் கையிலும் ஆளுக்கொரு திரி கொடுக்கவே கூடாது. சின்தெடிக் துப்பட்டா, சேலை முந்தானை, தரையில் உட்கார்ந்த குழந்தை, காகிதத் தாள், நாலும் ஒரே இடத்தில்.

திரிகளுக்கும் முதல் வரிசைக்கும் ஆறடி இடைவெளி. ஓரத்தில் ஒரு வாளி மணல், ஒரு வாளி தண்ணீர். திரி ஏற்றவும் அணைக்கவும் பெயர் குறித்து ஒரே ஆள்.

சிலுவையை மேடையில் வைக்காமல் தரையிலேயே, குட்டையான மணையின்மேல் சாய்த்து வையுங்கள். பின்னால் காவி அல்லது செம்மஞ்சள் துணி தொங்கட்டும். முக்கியமானது என்னவென்றால் எல்லோரும் ஒரே பக்கம் பார்த்து உட்கார வேண்டும், பாட்டு நடத்துகிறவர், ஆயர், பங்குத்தந்தை உட்பட. தேஸே கோயிலில் சகோதரர்கள் நடுவில், கூட்டத்தோடு ஒரே திசை பார்த்துத்தான் முழந்தாளிடுகிறார்கள். முன்னால் மூன்று நாற்காலி போட்டு மூன்று பேர் கூட்டத்தைப் பார்த்து உட்கார்ந்தால் அது மறுபடியும் மேடை.

ஜமுக்காளம் முன்பாதிக்கு, நாற்காலி பின்பாதிக்கும் இரண்டு சுவர் ஓரமும். பிளாஸ்டிக் நாற்காலி சிமெண்ட் தரையில் கீச்சிடும். காலுக்கு அடியில் பழைய துணியோ சைக்கிள் டியூப் துண்டோ கட்டிவிட்டால் நின்றுவிடும். செருப்பு வெளியே.

புரொஜெக்டர் வேண்டாம், அந்த நீல வெளிச்சம் எல்லாத் திரியையும் தின்றுவிடும். ஒரு ஏ4 தாளை மடித்தால் நாலு பக்கம், ஆறு பாட்டும் ஜெபமும் அதில் அடங்கும். எழுத்து 16 புள்ளிக்குக் குறையக் கூடாது. சாதாரண ஜெராக்ஸ் தாள் மௌனத்தில் சலசலக்கும், கொஞ்சம் தடித்த தாளில் எடுங்கள். திரி வெளிச்சத்தில் மட்டும் படிக்க முடியாது, பின்சுவரில் மூன்று ஜீரோ வாட்ஸ் பல்பு எரியட்டும். இல்லாவிட்டால் ஆளாளுக்கு மொபைல் டார்ச்சைப் போடுவார்கள்.

கரண்ட் போனால் ஜெனரேட்டர் போடாதீர்கள். இந்த ஒரு கூட்டம்தான் கரண்ட் இல்லாமலும் நடக்கும்.

---

கிழக்குவாசல்

எல்லோருக்கும் நன்றி. முதல் மாதம் லத்தீன் இல்லை, மௌனம் ஐந்து நிமிடம், பல்லவி ஒன்று, "அடியேனை நினைத்தருளும்" ஒன்று என்று குறித்துக்கொண்டேன், மெட்டுக்கு அனுமதி கேட்டும் எழுதுகிறோம். மூப்பர் சங்கீதம் 130 வாசிக்க ஒத்துக்கொண்டார். வெள்ளிக்கிழமை என்றால் தேஸேயில் சிலுவையைச் சுற்றி ஜெபம் உண்டாமே, அதையும் சேர்க்கலாமா? அன்று வெள்ளிதான்.

---

மணிக்கூடு

முதல் தடவை வேண்டாம். வெள்ளி மாலையில் அங்கே சிலுவையைத் தரையில் கிடத்துவார்கள், விரும்புகிறவர்கள் ஒருவர்பின் ஒருவராக வந்து மண்டியிட்டு நெற்றியை மரத்தின்மேல் வைத்து ஜெபிப்பார்கள், மற்றவர்கள் பாடிக்கொண்டே இருப்பார்கள். 40 பேரில் 25 பேர் வந்தாலும், ஒரே நேரத்தில் நாலு பேர், ஆளுக்கு ஒரு நிமிடம் என்று வைத்தால் ஏழு நிமிடத்துக்குக் குறையாது. பாடுகிறவர்களுக்கு அதுவரை தாங்க இன்னும் இரண்டு பாட்டு பழகியிருக்க வேண்டும். சி.எஸ்.ஐ. பக்கம் சிலருக்கு அது சிலுவையை முத்தமிட்டு வணங்குவதுபோலத் தோன்றும், கத்தோலிக்கர் பெரிய வெள்ளி நினைவில் வரிசை கட்டி நிற்பார்கள். மூன்று நாலு மாதம் போகட்டும், லெந்து (தவக்கால) நாட்களில் ஒரு வெள்ளியில் வையுங்கள். சிலுவையின் நாலு பக்கமும் ஆட்கள் மண்டியிட இடம் விட்டு, திரிகளைச் சுவரோரம் தள்ளிவிடுங்கள்.

---

உபதேசியார் மகன்

அன்றைக்கு சிலுவை மரத்தில் வார்னிஷ் காய்ந்துவிட்டதா என்று காலையிலேயே தொட்டுப் பார்த்துவிடுங்கள்.